பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: ஊராட்சி ஆவணங்கள் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

ஊராட்சிக் கணக்குகளைப் பார்ப்பது, நகல் வாங்குவது, பழைய பதிவேடுகளைக் காப்பாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். யாழ்ப்பாண வாசகியின் கேள்விக்கான பதில் மட்டும் இலங்கைச் சட்டப்படி. மற்றவை தமிழ்நாட்டு நடைமுறைப்படி.

எங்கள் ஊராட்சியில் மூன்று தெருக்களுக்குப் பேவர் பிளாக் போட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டு தெருவில்தான் கல் இருக்கிறது. "மூன்றாவது தெருவில் ஏன் போடவில்லை? பணம் எங்கே போனது?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். "கேள்வி வடிவில் இருப்பதால் தகவல் வழங்க இயலாது" என்று பதில் வந்திருக்கிறது. அடுத்து என்ன செய்வது?
— வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் "ஏன்", "எங்கே" என்ற இரண்டு சொற்களும் தட்டிக்கழிக்க வழி கொடுத்துவிட்டன. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தரச் சொல்வது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தை. புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டிய கட்டாயம் அலுவலருக்கு இல்லை. அதனால் விளக்கம் கேட்காமல், பதிவேட்டின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்.

ஒரு தெருவுக்குக் கல் போட வேண்டுமென்றால் வரிசையாகச் சில காகிதங்கள் உருவாகியே தீர வேண்டும். முதலில் ஊராட்சித் தீர்மானம், பிறகு பொறியாளர் போட்ட மதிப்பீடு, நிர்வாக அனுமதி ஆணை, வேலை உத்தரவு. வேலை முடிந்ததும் அளவுப் புத்தகத்தில், அதாவது எம்.புக்கில், அளவு ஏறும். அதை வைத்து பில். பில்லுக்குச் செலவுச் சீட்டு. கடைசியில் ரொக்கப் புத்தகத்திலும் வங்கிக் கணக்கிலும் ஒரு பற்று. தெருவின் பெயரையும் நிதியாண்டையும் குறிப்பிட்டு இந்த ஒவ்வொன்றின் சான்றிட்ட நகலையும் தனித்தனி வரிசை எண் போட்டுக் கேளுங்கள்.

இவற்றில் முக்கியமானது எம்.புக். நீளம், அகலம், கனம், அளந்த தேதி, அளந்தவர் கையெழுத்து எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். நகல் கைக்கு வந்ததும் 30 மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேராகத் தெருவுக்குப் போங்கள். எம்.புக்கில் 120 மீட்டர் இருந்து, தரையில் 80 மீட்டர்தான் கல் இருந்தால், அந்த 40 மீட்டர் வித்தியாசத்துக்கு நீங்கள் வாதாட வேண்டியதே இல்லை. இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். கிராம ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான்.

வங்கிக் கணக்கைக் கேட்கும்போது ஒரு கவனம். கிராம ஊராட்சிக்கு மூன்று கணக்குகள் உண்டு. முதலாவது ஊராட்சியின் பொது நிதி. இரண்டாவது மின்கட்டணம், குடிநீர் வாரியக் கட்டணம் கட்டுவதற்கு. மூன்றாவது திட்ட நிதி. "ஊராட்சிக் கணக்கு" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கணக்கு எண் 1, 2, 3 என மூன்றையும் எழுதுங்கள்.

"கடந்த பத்தாண்டுகளின் அனைத்துக் கணக்குகளும்" என்று கேட்பதும் தவறு. அலுவலகத்தின் ஆள்பலத்தை அளவுக்கு மீறி இழுக்கும் என்று சொல்லி, கேட்ட வடிவில் தர மறுக்க பிரிவு 7(9) இடம் தருகிறது. அளவு பெரிதாக இருந்தால் நகலுக்குப் பதிலாக நேரில் பார்வையிடக் கேளுங்கள். பிரிவு 2(ஜே)-இன்படி வேலையையும் ஆவணங்களையும் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், சான்றிட்ட நகல் பெறலாம், பயன்படுத்திய பொருளின் மாதிரியைக்கூடக் கேட்கலாம். பலருக்குத் தெரியாத உரிமை அது. சாலைக் கலவையின் மாதிரி கேட்டாலும் மனு செல்லும்.

மனுவுக்கு 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏ4 நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணமே இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. நீங்களும் எழுத வேண்டாம். பதிலுக்குக் கெடு 30 நாள். நகல் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பினால், கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை அந்தக் கணக்கில் சேராது. அதனால் கட்டணக் கடிதம் வந்த மறுநாளே கட்டிவிடுங்கள். 30 நாளைத் தாண்டித் தந்தால் இலவசமாகத் தர வேண்டும்.

பதில் வராவிட்டாலும், வந்தது சரியில்லை என்றாலும், அதிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அங்கே முடிவு சொல்ல 30 நாள், மிஞ்சினால் 45. அதற்குமேல் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. உங்கள் விஷயத்தில் மேல்முறையீட்டோடு நிறுத்தாமல், மேலே சொன்னபடி புது மனு ஒன்றும் இன்றே போடுங்கள். அதுதான் சீக்கிரம் பலன் தரும்.

மனுவை யாருக்கு அனுப்புவது என்ற குழப்பம் வேண்டாம். "பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம்" என்று எழுதுங்கள். ஆள் மாறிப் போயிருந்தால் 5 நாளுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பிரிவு 6(3) அதைத்தான் சொல்கிறது. தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து அதனுடன் சேர்ந்துவிட்டது. சேர்ப்பித்ததற்கான அத்தாட்சியும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. பழைய தீர்மானப் புத்தகமும் சில பதிவேடுகளும் அவர் வீட்டிலேயே இருப்பதாகச் சொல்கிறார்கள். ஊராட்சிச் செயலரோ "என்னிடம் இல்லை" என்கிறார்.
— வாசகர், கடலூர் மாவட்டம்

பதிவேடு ஊராட்சியின் சொத்து. தலைவருக்கும் செயலருக்கும் அது கையில் இருக்கும் காலம் வரை காவல் பொறுப்பு மட்டுமே. 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளில் பொறுப்பு, தலைவருக்குப் பதிலாக நிர்வாகத்தைப் பார்க்கும் தனி அலுவலருக்குப் போனது. அப்படிப் போகும்போது என்னென்ன பதிவேடு, எத்தனை தொகுதி, எந்தப் பக்கம் வரை எழுதியது, எத்தனை காசோலைத் தாள் மீதி என்று பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். உங்கள் மனுவில் தீர்மானப் புத்தகத்தைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலின் நகலைக் கேளுங்கள். பட்டியலில் புத்தகம் இருந்தால் வாங்கிக்கொண்டவர் பதில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஒப்படைக்காதவர் யார் என்பது எழுத்தில் தெரிந்துவிடும். பட்டியலே இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலை இணைத்து ஆட்சியருக்கு எழுதுங்கள்.

அந்த வீட்டுக்கு நேரில் போய்க் கேட்காதீர்கள். ஊர்ப்பகைதான் மிஞ்சும். மீட்டு எடுக்க வேண்டியது அலுவலகத்தின் வேலை.

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த இடத்தில் இப்போது யாரோ வேலி போடுகிறார்கள். தானப் பத்திரக் கோப்பைக் கேட்டால் "கோப்பு கண்டறிய இயலவில்லை" என்று ஒற்றை வரியில் பதில்.
— வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

வேலி எழும்புகிற நேரத்தில் கோப்பைத் தேடி உட்கார்ந்திருக்க முடியாது. ஒரே ஆவணம் பல அலுவலகங்களில் இருக்கும் என்பதை முதலில் பயன்படுத்துங்கள். தானப் பத்திரம் பதிவானது சார்பதிவாளர் அலுவலகத்தில். சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் பத்திர எண்ணும் ஆண்டும் வந்துவிடும். அதை வைத்துச் சான்றிட்ட நகல் வாங்கலாம். மனைப்பிரிவு வரைபடம் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் இருக்கும். உங்கள் பகுதி சென்னைப் பெருநகர எல்லைக்குள் வந்தால் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில். உங்கள் தெருவில் யாருடைய வீட்டுக் கடன் காகிதங்களிலாவது அந்த அங்கீகார எண் இருக்கும். பத்திர நகலும் வரைபடமும் கிடைத்த அன்றே, ஆக்கிரமிப்பு என்று தலைப்பிட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் மனு கொடுங்கள்.

இனி அந்த ஒற்றை வரிப் பதில். தகவல் மறுப்பதற்கான காரணங்களைச் சட்டம் பிரிவு 8, 9-இல் எழுதி வைத்திருக்கிறது. "கோப்பு காணவில்லை" என்பது அதில் இல்லை. 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: அலுவலகத்தில் ஒரு காலத்தில் இருந்த ஆவணம் இப்போது இல்லை என்றால் முழுமையாகத் தேட வேண்டும், பொறுப்பு யாருடையது என்று விசாரிக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் வெறுமனே "கோப்பு வேண்டும்" என்று எழுதினால் மறுபடி அதே வரிதான் வரும். கோப்பின் தடத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ந.க. எண், அதாவது அலுவலகம் போடும் கோப்பு எண், உண்டு. அந்த எண் பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறும். எப்போது வந்தது, யாருக்குப் போனது, எப்படி முடிந்தது என்று அதில் இருக்கும். முடித்த கோப்புக்கு ஆயுளும் எழுதுவார்கள். எல்.டிஸ் என்றால் ஓராண்டு, கே.டிஸ் மூன்றாண்டு, டி.டிஸ் பத்தாண்டு, ஆர்.டிஸ் நிரந்தரம். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை: அந்தக் கோப்பின் ந.க. எண், தன்பதிவேட்டில் அது இருக்கும் பக்கம், முடிவு வகை, பதிவறைக்கு அனுப்பிய தேதி, அழித்திருந்தால் அழிப்பு ஆணையும் அழித்த கோப்புகளின் பட்டியலும். நிலம் சம்பந்தப்பட்ட கோப்பை மூன்றாண்டு வகையில் போட்டு அழித்திருந்தால் அதுவே பெரிய தவறு. இந்தப் பக்கங்கள் வெளியே வரும் நேரத்தில் கோப்பும் பல சமயம் வெளியே வந்துவிடும்.

பார்வையிடும்போது செல்போனில் படம் எடுக்கலாமா?
— வாசகர், ஈரோடு

சட்டத்தில் செல்போன் என்ற சொல் இல்லை. குறிப்பெடுக்கவும் பகுதிகளைப் படியெடுக்கவும் உரிமை உண்டு. அங்கே போய் வாக்குவாதம் செய்யாமல் மனுவிலேயே "பார்வையிடும்போது பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும். எப்படியிருந்தாலும் வழக்குக்கும் விசாரணைக்கும் சான்றிட்ட நகல்தான் எடுபடும்.

நான் ஊராட்சிச் செயலர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அலுவலகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். வெயிலில் காயவைத்ததில் பதிவேடுகள் அப்பளம்போல் வளைந்து, பல பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. இப்போது கரையானும் வந்துவிட்டது. இனி ஒருமுறை இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும்? இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது?
— வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

வெள்ளத்தில் நனைந்த பதிவேட்டுக்கு உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் 48 மணி நேரம். அதற்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

முதலில் எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். தீர்மானப் புத்தகம், சொத்துப் பதிவேடு, வரி கேட்பு வசூல் நிலுவைப் பதிவேடு. இந்த மூன்றும் முதலில். தணிக்கை முடிந்த பழைய செலவுச் சீட்டுகள் கடைசியில். நனைந்த புத்தகத்தைத் திறக்கவோ பக்கங்களைப் பிரிக்கவோ கூடாது. நனைந்த தாளுக்கு வலு கிடையாது, விரல் பட்ட இடத்தில் கிழியும். மூடியபடியே இரண்டு கையாலும் ஏந்தி, பிளாஸ்டிக் தட்டில் வைத்துத் தூக்குங்கள். மேலே சேறு இருந்தால் உடனே கழுவிவிடாதீர்கள். பேனா மையும் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப் மையும் தண்ணீரில் கரையும், பால்பாயின்ட் தாங்கும். ஈரப் பஞ்சால் ஓரத்து எழுத்து ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் தண்ணீர் காட்டவே கூடாது.

தண்ணீர் வடிந்ததும், தானாகப் பிரிகிற இடங்களில் மட்டும் ஏறத்தாழ 20 பக்கத்துக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத் தாளைச் செருகுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை பதிவேட்டில் ஒட்டிவிடும். செருகும் தாளின் மொத்தக் கனம் புத்தகத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முதுகு உடைந்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். மின்விசிறி ஓடட்டும், ஆனால் நேராகப் புத்தகத்தின் மேல் வீச வேண்டாம். வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் கூடவே கூடாது. உங்களுக்கு நேர்ந்த வளைவுக்குக் காரணம் அதுதான்: வெளித்தாள் வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்தாள் ஈரமாகவே இருந்துவிடுகிறது.

எண்ணிக்கை அதிகமாகி ஆள் போதவில்லையா? உங்கள் மாவட்டத்தில் மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவேட்டையும் தனித்தனியாகப் பாலித்தீனில் சுற்றிப் பெயர் எழுதி மைனஸ் 18 டிகிரியில் வைத்துவிட்டால் பூஞ்சை அப்படியே நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து உலர்த்தலாம். இதற்கான ஏற்பாட்டை மழைக்காலத்துக்கு முன்பே வட்டார வளர்ச்சி அலுவலர் மூலம் பேசி வைக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு அல்ல.

இப்போது ஒட்டிக்கிடக்கும் பக்கங்களைப் பிளேடு வைத்துப் பிரிக்காதீர்கள். ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவர்களிடம் கொடுக்கும் வரை தட்டையாக வைத்திருங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசை தாளுக்குள் இறங்கி எழுத்தையே மறைத்துவிடும். லேமினேஷனும் வேண்டாம், திரும்பப் பிரிக்க முடியாது. மெல்லிய டிஷ்யூ தாளும் நீர்க்கக் காய்ச்சிய மாவுப் பசையும் போதும். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அதிலுள்ள செம்பு தாளை அரித்துவிடும், விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்ததைத் துடைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். நன்றாகக் காய்ந்த பிறகு, திறந்த வெளியில், மென்மையான பிரஷ்ஷால்.

கரையான் சுவர் வழியாக வருகிறது. அலமாரியைச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி, தரையிலிருந்தும் அதே அளவு உயர்த்தி வையுங்கள். உங்கள் ஊருக்கு அதுவும் போதாது. 2023-இல் தண்ணீர் நின்ற கோட்டைச் சுவரில் குறித்துவிட்டு, முதலில் எடுக்க வேண்டிய அந்த மூன்று பதிவேட்டையும் அதற்கு மேல் தட்டில் வையுங்கள். பெரிய பதிவேடுகளை நிறுத்தாமல் படுக்கவைத்து, மூன்றுக்கு மேல் அடுக்காமல் வைப்பது நல்லது. துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் பின்களைக் கழற்றிவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டுங்கள்.

அழிந்த பக்கங்களுக்குப் புதுப் பதிவேடு எழுதிப் பழைய தேதி போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது போலி ஆவணம் ஆகிவிடும். சேதப் பட்டியல் எழுதி வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள். வங்கி விவரம், தணிக்கை அறிக்கை, ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பிய மாதாந்திர அறிக்கை, பொதுமக்களிடம் இருக்கும் வரி ரசீது ஆகியவற்றிலிருந்து திரட்டி, முதல் பக்கத்திலேயே "மறு உருவாக்கம்" என்றும் எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது என்றும் இன்றைய தேதியோடு எழுதுங்கள். நனைந்த பழையதைத் தூக்கிப்போடக் கூடாது.

நல்ல நிலையில் உள்ளவற்றைப் படியெடுக்கும்போது, முதலில் பென்சிலால் பக்க எண் போட்ட பிறகே ஸ்கேனர் பக்கம் போங்கள். 300 டிபிஐ போதும். கோப்புப் பெயரில் பதிவேடு, ஆண்டு, பக்கம் மூன்றும் இருக்கட்டும். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று ஒன்றிய அலுவலகத்தில். ஒரே கட்டடத்தில் இரண்டு பிரதி வைத்தால் வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும்.

1958-இல் பிறந்த என் தந்தையின் பிறப்புப் பதிவு எங்கள் ஊரில் இல்லை என்கிறார்கள். வேறு எங்கே தேடுவது?
— வாசகி, நாமக்கல் மாவட்டம்

உங்கள் பாட்டியின் தாய்வீடு எந்த ஊர்? அங்கே தேடுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், பதிவு அந்தக் கிராமத்துப் பதிவேட்டில் இருக்க நிறைய வாய்ப்பு. கிராமத்துப் பழைய பதிவேடுகளைத் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சி என்றால் அவர்களின் சுகாதாரப் பிரிவில்.

பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். பழைய பதிவுகளில் பெரும்பாலும் "ஆண்" என்று மட்டும் இருக்கும், குழந்தையின் பெயர் இருக்காது. உங்கள் தாத்தா பெயர், கிராமம், மாதம் இவற்றைச் சொல்லுங்கள். பதிவேடு பதிவு செய்த வரிசையில் போவதால், பிறந்த மாதத்துக்கு அடுத்த இரண்டு மூன்று மாதப் பக்கங்களையும் புரட்டச் சொல்லுங்கள். எங்குமே இல்லையென்றால் "பதிவு இல்லை" என்ற சான்றை எழுத்தில் வாங்கி, பள்ளிச் சான்றுகளுடன் வருவாய்க் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் பிரதேச சபை வீதி விளக்குகளுக்குச் செலவிட்ட விபரத்தைக் கேட்டால் தருவார்களா? இந்தியாவில் இருப்பதுபோல் இங்கும் கட்டணம் உண்டா?
— வாசகி, யாழ்ப்பாணம்

தர வேண்டும். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளுக்கும் பொருந்தும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு. "பழைய பதிவுகளை அழித்துவிட்டோம்" என்று சொன்னால், சட்டம் வந்த பிறகு உருவான பதிவுகளை 12 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டுங்கள்.

கிராம சபையில் நாங்கள் சொன்ன தீர்மானம் புத்தகத்தில் ஏறவே இல்லை. வெற்றுப் பக்கத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.
— வாசகர்கள், சிவகங்கை மாவட்டம்

வெற்றுப் பக்கத்தில் இனிமேல் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு இப்படித் தயாராகுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம் உண்டு. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகையையும், அதாவது குறைவெண்ணையும், கவனியுங்கள்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. குறைவெண் இல்லாமல் நடந்த கூட்டத்தின் தீர்மானத்தை யாரும் கேள்வி கேட்கலாம், உங்களுடையதையும் சேர்த்து.

கூட்டம் நடக்கும்போது, வரவு செலவு விவரம் எழுதிய படிவம் 30-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் தீர்மானம் எழுதப்பட்டதும் அதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லி, தீர்மான எண்ணையும் பக்க எண்ணையும் உங்கள் நோட்டில் குறியுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு போட்டு மூடிய பிறகு, அந்தக் கோட்டை ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள். மறுநாளே அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிட்டு நகல் கேட்டு மனு போட்டுவிடுங்கள்.

போன கூட்டத்தின் தீர்மானத்துக்கு இன்னும் வழி இருக்கிறது. தீர்மானப் பக்கங்களோடு வருகைப் பதிவுப் பக்கங்களையும் சேர்த்து நகல் வாங்குங்கள். சொன்னதும் எழுதியதும் வேறு என்று கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் சொல்ல முன்வருகிறார்களோ, அத்தனை பேரும் கையொப்பமிட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள். அதே தீர்மானத்தை அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லியும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.